கிராமத்து உபாத்தியாயர் சமத் பெஹ்ரங்கி



குழந்தை இலக்கியத்தைச் சேர்ந்த எந்தப் பொருளைப் பற்றியும் பேசலாம் என்று இவ்வுரைக்கு ஏற்பாடு செய்த அறக்கட்டளையின் பொறுப்பாளர்கள் எனக்குச் சுதந்திரம் அளித்தபோது, உலகப் பிரசித்தி பெற்ற பெரிய பெயர்கள் பல மனத்தில் வந்து நின்றனவாயினும், அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, ஈரான் தேசத்தின் வடமேற்கு மூலையில் கிராமப் பள்ளிக்கூடங்களில் 11 ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்து, முப்பது வயது நிரம்பும் முன்பே ஆற்றில் மூழ்கி மாண்டுபோன சமத் பெஹ்ரங்கியின் வாழ்க்கையையும் எழுத்தையும் பற்றியே பேசுவதென்று நிச்சயித்தேன். அரசியல் உணர்ச்சி மிக்க குழந்தை எழுத்தாளர் என்று அவரை அறிமுகப்படுத்துவது வழக்கம். அது சரியான அறிமுகமே. ஆயினும், அந்த அரசியல் எங்கிருந்து அவருக்கு வந்தது என்னும் கேள்வியை அவரைப் போற்றியவர்களும் தூற்றியவர்களும் போதிய பொறுமையோடு கேட்டதில்லை என்பது என் அபிப்பிராயம். ஏழு வயதுப் பிள்ளையொன்று தன் முன் விரித்துவைத்த பாடப் புத்தகத்தைப் பார்த்து ஒன்றும் விளங்காமல் விழித்ததே, அந்த அரசியல் பிறந்த இடம் என்று நான் கருதுகிறேன். அவருடைய மரணத்தைச் சூழ்ந்து எழுந்த புராணம் அந்த வகுப்பறையை நம் கண்ணுக்கு மறைத்துவிட்டது. அதை மீண்டும் பார்க்க முயல்வதே என் நோக்கம்.

சமத் 1939-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தப்ரீஸ் நகரத்தின் சரந்தாப் என்னும் பகுதியில், கூலி வேலையை நம்பியிருந்த ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். தப்ரீஸ் சாமானியமான ஊரன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈரானில் அரசியலமைப்பு ஆட்சி வேண்டுமென்று ஜனங்கள் கிளர்ந்தெழுந்தபோது, மன்னனுடைய படைகள் முற்றுகையிட்டுப் பட்டினி போட்டும் பணியாமல் நின்ற நகரம் அது. அங்கும் சுற்றியுள்ள நாட்டுப்புறங்களிலும் வாழும் மக்களின் தாய்மொழி பாரசீகம் அல்ல. அஜர்பைஜானித் துருக்கி மொழி. மன்னர் ரேஸா ஷாவின் ஆட்சி தொடங்கிய காலந்தொட்டு, ஒரே தேசம், ஒரே மொழி என்ற கொள்கையின் கீழ் அம்மொழிக்குப் பள்ளிக்கூடத்தில் இடமில்லாமற் போயிற்று. இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதியில், சோவியத் படைகள் அங்கே நின்றிருந்த காலத்தில், பிஷேவரி என்பவரின் தலைமையில் தப்ரீஸில் ஒரு தன்னாட்சி அரசாங்கம் அமைந்து, ஓராண்டு காலம் துருக்கி மொழியிலேயே பாடப் புத்தகங்களை அச்சிட்டுக் கொடுத்தது. 1946-ஆம் ஆண்டு டிசம்பரில், ரேஸா ஷாவுக்குப் பின் அரியணை ஏறிய அவர் மகனாகிய ஷாவின் சேனை திரும்பி வந்தது. அப்புத்தகங்கள் தெருவிலே குவித்துக் கொளுத்தப்பட்டன. அப்போது சமத்துக்கு வயது 7. ஒரு மொழியின் அரிச்சுவடியே ராஜாங்கத்தின் கண்ணுக்குக் குற்றப் பொருளாகத் தோன்றக்கூடும் என்பதை, அந்த ஊர்ப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதிலேயே அறிந்துகொண்டார்கள்.

உயர்நிலைப் பள்ளியை முழுவதும் முடிக்கும் வசதி அவருக்கு இல்லை. கிராம உபாத்தியாயர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளியில் சேர்ந்து, 1957-இல், 18 வயதில் வேலைக்கு அனுப்பப்பட்டார். தப்ரீஸுக்குத் தென்மேற்கே உள்ள மமகான், ஆசர்ஷஹர் முதலிய ஊர்களும் அவற்றை அடுத்த சிற்றூர்களும் அவர் பணிபுரிந்த இடங்கள். பகலில் பள்ளி வேலையையும் பார்த்துக்கொண்டே தப்ரீஸ் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்று 1962-இல் பட்டமும் பெற்றார். பட்டம் பெற்றவர் பட்டணத்துக்குப் போய்விடுவதே வழக்கமாயிருக்க, இவர் கிராமத்தை விட்டு அகலவில்லை.

பயிற்சிப் பள்ளியில் அவர் கற்ற கல்வி சாஸ்திரம் பெரும்பாலும் அமெரிக்க நூல்களைத் தழுவியது. விசாலமான வகுப்பறை, குழந்தையின் உயரத்துக்கேற்ற மேஜை நாற்காலி, உடல்நலத்தைச் சோதிக்கும் வைத்தியர், பிள்ளையின் மனநிலையைப் பற்றி உபாத்தியாயரோடு கலந்து பேசுகிற பெற்றோர் ஆகிய யாவும் இருப்பதாகப் பாவித்து எழுதப்பட்ட நூல்கள் அவை. அவற்றைப் படித்துவிட்டுக் கிராமத்துக்குப் போன இளைஞர் அங்கே கண்டது என்ன? ஒரே அறையில் பல வகுப்புகள். குளிர்காலத்தில் அடுப்பு மூட்ட விறகில்லாத நிலை. நடவும் அறுவடையும் வந்தால் வயலுக்கும், மற்றக் காலங்களில் கம்பளத் தறிக்கும் போய்விடுகிற பிள்ளைகள். தாம் கற்ற வித்தையை முதலில் மறந்தாலன்றித் தம்மால் உபாத்தியாயராக முடியாது என்று அவர் உணர்ந்ததும், அந்த உணர்வை மறைக்காமல் எழுதத் தொடங்கியதும் அங்கேதான். அவ்வெழுத்துகள் 1965-இல், ஈரானின் கல்விப் பிரச்சினைகளைத் துருவி ஆராயும் ஒரு நூலாகத் திரண்டு வெளிவந்தன. இன்று அவருடைய கதைகளைப் புகழ்கிறவர்களில் அந்த நூலைப் புரட்டியவர்கள் சிலரே. அதைப் படித்த பின் கதைகளுக்கு வருவோர்க்கு, அக்கதைகளில் கோபம் எந்த இடத்தில் ஏன் வருகிறது என்பது வெயிலில் வைத்த பொருள்போல் விளங்கும்.

அந்நூலின் உயிர்நிலை மொழிப் பிரச்சினை. தப்ரீஸ் கிராமத்துக் குழந்தை ஆறு, ஏழு ஆண்டுகள் தாயிடமும் பாட்டியிடமும் துருக்கி மொழியையே கேட்டு வளர்கிறது. முதல் வகுப்பில் அதன் கையில் கொடுக்கப்படும் புத்தகமோ டெஹ்ரானில் பாரசீகம் பேசும் குழந்தைக்காக எழுதப்பட்டது. அந்த டெஹ்ரான் குழந்தைக்கு, ஏற்கெனவே தெரிந்த சொல்லை எப்படி எழுதுவது என்பது ஒன்றே புதிது. இந்தக் கிராமத்துக் குழந்தைக்கோ எழுத்தும் புதிது, சொல்லும் புதிது, சொல் குறிக்கும் பொருளும் பல சமயம் புதிது. இரண்டு பிள்ளைகளும் ஆண்டு முடிவில் ஒரே பரீட்சையை எழுதுகின்றன. தோற்ற பிள்ளைக்கு மந்தபுத்தி என்ற பெயர் வருகிறது. உபாத்தியாயர் துருக்கி மொழியில் விளக்கிச் சொன்னாலோ, அவர் கடமை தவறியவராகிறார். இந்த அநீதியைப் பெஹ்ரங்கி எந்த வீராவேசமும் இல்லாமல், ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவதுபோல் எடுத்துக்காட்டினார். அந்த நிதானத்தினாலேயே அதிகாரிகளுக்கு அது அதிகமாக உறுத்தியது.

குறை சொன்னதோடு அவர் நின்றுவிடவில்லை. துருக்கி மொழி பேசும் பிள்ளைகள் பாரசீகம் கற்பதற்கென்றே ஓர் அரிச்சுவடியைத் தாமே தயாரித்தார். இரண்டு மொழிகளுக்கும் பொதுவாக வழங்கும் சொற்கள் பல உண்டல்லவா? பிள்ளைக்கு வீட்டிலேயே பழகிய அச்சொற்களை முதலில் வைத்து, அவற்றின் வழியாக எழுத்தை அறிமுகம் செய்து, பிறகு சிறிது சிறிதாகப் பாரசீகத்துக்குள் அழைத்துச் செல்வது என்பது அவர் கையாண்ட முறை. கவனியுங்கள்: பாரசீகத்தை ஒழிக்க வேண்டும் என்றோ, தேசத்திலிருந்து பிரிய வேண்டும் என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. பாரசீகத்தை இன்னும் நன்றாகக் கற்பிக்கும் உபாயமே அது. டெஹ்ரானில் செல்வாக்குள்ள எழுத்தாளராகிய ஜலால் ஆல்-இ அஹமத் அந்தப் புத்தகத்தில் அக்கறை கொண்டு, உரியவர்களின் பார்வைக்கு அது செல்லும்படி உதவினார். ஆனால் அரசாங்கத்தார் வேண்டிய திருத்தங்களைச் செய்யப் பெஹ்ரங்கி இசையவில்லை. புத்தகம் பள்ளிக்குள் நுழையாமலே போயிற்று. அவருடைய வாழ்க்கையில் மிகப் பெரிய தோல்வி எது என்று என்னைக் கேட்டால், அராஸ் நதியில் மூழ்கி அவர் அடைந்த முடிவைச் சொல்லமாட்டேன். இந்த அரிச்சுவடிக்கு நேர்ந்த கதியையே சொல்வேன். ஒரு கதை தடை செய்யப்பட்டால் கைப்பிரதியாகவாவது ஊர் சுற்றும். பாடப் புத்தகத்துக்கோ வகுப்பறையைத் தவிர வேறு ஜீவிதம் இல்லை.

பள்ளி நேரம் போக மற்ற நேரங்களில் அவர் செய்த காரியங்களும் இதே நோக்கத்தின் கிளைகள்தாம். புத்தகங்களைச் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாகச் சென்று பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுத்தார். பெஹ்ரூஸ் தெஹ்கானி என்ற சக உபாத்தியாயரோடு சேர்ந்து, கிழவர்களும் கிழவிகளும் சொன்ன அஜர்பைஜானிக் கதைகளைத் திரட்டினார்; துருக்கி மொழியில் புத்தகம் போடுவது எளிதாக இல்லாததால், தம் மக்களின் கதைகளைப் பாரசீகத்தில் பெயர்த்தே வெளியிட வேண்டியிருந்தது. மறுபுறம், நீமா, ஷாம்லூ, ஃபரூக் ஃபரோக்ஸாத் முதலிய நவீனப் பாரசீகக் கவிகளைத் தம் தாய்மொழியிலே பெயர்த்தார். துருக்கி தேசத்து எழுத்தாளர் அஸீஸ் நேஸினைப் பாரசீகத்துக்குக் கொண்டுவந்தார். பாரசீகத்தின் மீது அவருக்குப் பகை இருந்ததாகச் சொல்பவர்கள் இந்த மொழிபெயர்ப்புகளைக் கண்டதில்லை போலும். எழுத்துக்காகவும் வாயடக்கம் இல்லாமைக்காகவும் மேலதிகாரிகள் அவரை இடம் மாற்றினார்கள். உயர் வகுப்புகளிலிருந்து ஆரம்ப வகுப்புக்கு இறக்கினார்கள். அவர்கள் தண்டனை என்று கருதிச் செய்தது, பெஹ்ரங்கி மிகவும் விரும்பிய இடத்துக்கே அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இனிக் கதைகளுக்கு வருவோம். குழந்தைகளுக்கு எழுதுவது எதற்காக என்பதைப் பற்றி அவருக்குத் தீர்மானமான கொள்கை இருந்தது. பெரியோர் சொல் கேள், கை கால் சுத்தமாக வைத்துக்கொள், பொய் சொல்லாதே, உரத்துப் பேசாதே என்று போதிக்கும் கதைகளை அவர் போதுமானவையாகக் கருதவில்லை. கவலையற்ற குழந்தைப் பருவத்தின் வர்ணக் கனவுகளுக்கும், பெரியவர்கள் வாழ்கிற இருண்ட, கசப்பான சமூக வாழ்க்கைக்கும் இடையே குழந்தை இலக்கியம் பாலமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். தந்தை எப்படிச் சம்பாதிக்கிறார், பக்கத்து வீட்டில் ஏன் அடுப்பு எரியவில்லை, யாருடைய உழைப்பு யாருடைய வீட்டில் கம்பளமாக விரிகிறது என்பவற்றையெல்லாம் குழந்தை அறியலாகாது என்று மறைப்பவர்கள், மறுநாளே அந்தக் குழந்தையைத் தறியில் உட்காரவைக்கிறார்கள் என்பதை அவர் தினந்தோறும் கண்ணால் கண்டவர். ஆகையால் குழந்தைக்குக் கசப்பைக் காட்டலாமா என்னும் கேள்வியே அவருக்கு விநோதமாகப் பட்டது. அவருடைய மாணவர்கள் அந்தக் கசப்பில்தான் குடியிருந்தார்கள்.

1966-இல் வெளிவந்த உல்தூஸும் காகங்களும் என்ற கதையில், சிற்றன்னையின் கொடுமைக்கு ஆளான ஒரு சிறுமியும், யாஷார் என்ற பக்கத்து வீட்டுப் பையனும், சில காகங்களும் வருகிறார்கள். நாடோடிக் கதைகளில் நாம் பல தடவை கேட்ட அமைப்புத்தான். ஆனால் கதையின் முகப்பிலேயே அச்சிறுமி ஆசிரியருக்கு ஒரு நிபந்தனை விதிக்கிறாள்: செல்லமாக வளர்ந்து, ஆடம்பரக் காரில் பள்ளிக்குப் போய்வருகிற பிள்ளைகள் தன் கதையைப் படிக்கக் கூடாதாம். இந்த இடத்தில் எனக்குப் பெஹ்ரங்கியோடு கருத்து வேற்றுமை உண்டு. வாசலில் நிறுத்தி யாரைச் சேர்ந்தவன் என்று விசாரித்த பிறகே குழந்தையை உள்ளே விடுவது கதைக்கு அழகன்று. காரில் போகும் பிள்ளைக்கன்றோ உல்தூஸின் கதை இன்னும் அவசியம்? ஆனாலும் அந்த நிபந்தனை எந்த மனநிலையிலிருந்து பிறந்தது என்பதை ஊகிக்க முடிகிறது. ஈரானிய அச்சுலகம் அதுவரையில் காரில் போகிற பிள்ளைக்காகவே எல்லாவற்றையும் அச்சிட்டு வந்தது. ஒரு தடவையாவது மற்றப் பிள்ளை, இது எனக்கென்றே எழுதப்பட்டது என்று உணர வேண்டும் என்று அவர் விரும்பினார்.

வேகவைத்த பீட்ரூட் கிழங்கைச் சூடாக விற்கும் சிறுவன் தாரிவெர்தியின் கதை, கிராம உபாத்தியாயர் ஒருவரே சொல்வதுபோல் அமைந்தது. அவனுடைய அக்காள் கம்பளத் தறியில் வேலை செய்தவள். தறிக்குச் சொந்தக்காரனாகிய ஹாஜி அவள்மேல் வைத்த கெட்ட எண்ணத்தால் இருவரும் அந்த வேலையை விட நேர்ந்து, பையன் கிழங்கு விற்கத் தொடங்குகிறான். அதில் ஆசிரியர் எங்கும் பிரசங்கம் செய்யவில்லை. வகுப்பறையின் ஜன்னல் ஓரத்தில் வந்து நிற்கும் கிழங்குக்காரப் பையனிடம் உபாத்தியாயர் கேட்கிறார், அவன் சொல்கிறான், அவ்வளவுதான். அவருடைய குழந்தைக் கதைகளில் கலைச் சிறப்பு மிகுந்தவை இத்தகைய அடக்கமான கதைகளே என்பது என் மதிப்பீடு.

அடக்கம் உடைந்துபோன கதையும் ஒன்று உண்டு. அதையும் நேர்மையாகப் பேசியாக வேண்டும். வேலையில்லாத தகப்பனோடு டெஹ்ரானுக்கு வந்து, கைவண்டியின் அருகில் தெருவிலே படுத்துறங்கும் லத்தீஃப் என்ற சிறுவன், பொம்மைக் கடையின் கண்ணாடிக்குள் நிற்கும் பெரிய ஒட்டகத்தின்மேல் மனத்தைப் பறிகொடுக்கிறான். இரவில், உறக்கமோ விழிப்போ தெரியாத நிலையில், அவ்வொட்டகமும் மற்றப் பொம்மைகளும் அவனைக் கூட்டிக்கொண்டு விருந்துக்குப் போகின்றன. மறுநாள் ஒரு பணக்காரச் சிறுமிக்காக அந்த ஒட்டகம் விலைபேசப்படுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று கதறுகிற பையன் அடிபட்டு வீழ்கிறான். அப்போது கடையின் கண்ணாடிக்குள் இருக்கும் இயந்திரத் துப்பாக்கி தன்னுடையதாக இருக்கக்கூடாதா என்று அவன் ஏங்குவதோடு கதை முடிகிறது. பிற்காலத்தில் ஆயுதப் போராட்டத்தை ஆதரித்தவர்கள் இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொடிபோல் தூக்கிப் பிடித்தார்கள். எதிர்த்தவர்கள் குழந்தைகளுக்கு நஞ்சூட்டியவர் என்பதற்கு இதையே சாட்சியாகக் காட்டினார்கள். ஆசிரியரோ கதையின் முன்னுரையிலேயே, இது பின்பற்றுவதற்கான உதாரணமாக எழுதப்படவில்லை; தம் நாட்டுச் சகோதரக் குழந்தைகளின் நிலையை அறிந்து, அதற்குப் பரிகாரம் என்ன என்று பிள்ளைகள் யோசிப்பதற்காகவே எழுதப்பட்டது என்று தெளிவுபடுத்தியிருந்தார். அந்த முன்னுரையை இரு சாராரும் படிக்கவில்லை, அல்லது படித்தும் மறந்தார்கள். என்னைப் பொறுத்தவரையில், அந்தத் துப்பாக்கி ஒரு பொம்மைத் துப்பாக்கி என்பதையும், அதை விரும்புகிறவன் பசித்து, அடிபட்டு, தனித்துக் கிடக்கும் ஒரு பிள்ளை என்பதையும் மறக்காமல் படிக்கும்போது, அவ்வாக்கியம் கட்டளையாக ஒலிப்பதில்லை. தாங்கமுடியாத துயரத்தின் குரலாகவே ஒலிக்கிறது.

பெஹ்ரங்கியின் பெயரை உலகறியச் செய்தது சின்னஞ்சிறு கறுப்பு மீன். குளிர்காலத்தின் மிக நீண்ட இரவிலே, கடலின் ஆழத்தில் ஒரு பாட்டி மீன் தன்னுடைய 12,000 பிள்ளைகளுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் கதை சொல்கிறது. மலையோடை ஒன்றில், பாசி படர்ந்த பாறைக்கடியில், தாயோடு வாழ்ந்த சிறு மீன் ஒன்றுக்கு, இந்த ஓடை எங்கே போய் முடிகிறது என்று பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை பிறக்கிறது. தாய் அழுகிறாள், அக்கம்பக்கத்தார் மிரட்டுகிறார்கள், இப்படிப்பட்ட எண்ணங்களைப் பரப்பிய ஒரு நத்தையை அவர்கள் முன்பே தீர்த்துக்கட்டியவர்கள். சிறு மீன் அருவியில் குதித்துப் புறப்பட்டுவிடுகிறது. தம்மைவிட அழகானவர் எவருமில்லை என்று எண்ணும் தலைப்பிரட்டைகள், தந்திரம் நிறைந்த நண்டு, முள்ளாலான குத்துவாளைக் கொடுத்துதவும் அறிவுள்ள பல்லி, சிறு மீன்களைப் பையில் அடைத்துக்கொள்ளும் கூழைக்கடா ஆகியவற்றைக் கடந்து கடலை அடைகிறது. அங்கே நாரை ஒன்றின் வயிற்றுக்குள் அகப்பட்ட குட்டி மீனைத் தப்புவித்துவிட்டு, வாளோடு தான் உள்ளே தங்கிவிடுகிறது. நாரை விழுந்து மாய்கிறது. கறுப்பு மீனைப் பற்றி அதன் பின் செய்தியே இல்லை. கதை முடிந்ததும் 11,999 மீன்கள் உறங்கப் போகின்றன. சிவப்புக் குட்டி மீன் ஒன்றுக்கு மட்டும் உறக்கம் வரவில்லை.

இக்கதையில் உபாத்தியாயரின் கையை எந்த இடத்தில் காண்கிறோம்? வாளில் அல்ல, கேள்விகளில். ஓடை எங்கே முடிகிறது, நீங்கள் சொல்வதுதான் உலகமா, தலைப்பிரட்டைகளே உங்களுக்கு இந்தக் குட்டைக்கு வெளியே எதுவும் தெரியுமா என்று கேட்டுக்கொண்டே போகும் மீன் அது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்விக்கும் பள்ளியில், கேள்வி கேட்ட பிள்ளைக்கு அடி கிடைப்பதைக் கண்ட ஒருவரால்தான் ஒரு கேள்வியைக் கதாநாயகனாக்கி, இவ்வளவு தூரம் நீந்தவிட முடியும். பயத்தை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, அதன் பிறகும் போகிற மீன் என்பதும் எனக்குப் பிடித்தமானது. மரணம் எந்த நேரமும் வரலாம், ஆனால் வாழ முடிகிறவரையில் நானாக அதைத் தேடிப் போகக்கூடாது என்று கடலுக்கு வந்த பின் அது எண்ணுகிறது. தன் வாழ்வும் சாவும் பிறர் வாழ்வுக்கு என்ன செய்தன என்பதே முக்கியம் என்றும் எண்ணுகிறது. இதைத் தற்கொலை வீரத்தின் துதியாகப் படித்தவர்கள் அந்த எண்ணத்தின் முதற்பாதியை விட்டுவிட்டார்கள்.

இந்நூலை 1968-இல் வெளியிட்டது கானூன் என்று சுருக்கமாக வழங்கும், குழந்தைகள் மற்றும் இளைஞர்களின் அறிவு வளர்ச்சிக்கான ஸ்தாபனம். பட்டத்தரசி ஃபராவின் ஆதரவில் 1960-களின் நடுவில் தொடங்கப்பெற்ற நிறுவனம் அது. ஊரூராக நூலகங்களைத் திறந்தது. தேசத்தின் சிறந்த ஓவியர்களையும் எழுத்தாளர்களையும் திரைப்படக் கலைஞர்களையும் ஒன்றுசேர்த்தது. அரசவையின் ஆதரவு பெற்ற நிறுவனமே அரசாங்கத்தின் கண்ணில் பின்னர் அபாயகரமாகத் தோன்றிய கதையைப் பிரசுரித்தது எப்படி என்று பலர் வியப்பார்கள். அக்காலத்து ஈரானில், அரசாங்கத்தோடு ஒத்துப்போகாத கலைஞர்கள் பலருக்கும் கானூனே தொழில்செய்ய ஏற்ற இடமாக இருந்தது என்பதை அறிந்தால் அந்த வியப்பு குறையும். ஃபர்ஷித் மெஸ்காலி வரைந்த சித்திரங்களோடு புத்தகம் வந்தது. அச்சுப் பதித்தாற்போல் தடித்த கோடுகளும், கல்லின் சொரசொரப்பும் நீரின் ஆழமும் ஒருங்கே தோன்றும் வர்ணங்களும் கொண்ட அச்சித்திரங்களுக்கு 1969-இல் இத்தாலியின் பொலோஞா நகரத்துச் சர்வதேசக் குழந்தைப் புத்தகக் கண்காட்சியில் பரிசு கிடைத்தது. 1974-இல் மெஸ்காலி சித்திரக்காரர்களுக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்ஸன் பதக்கத்தையும் பெற்றார். உலகம் இந்த மீனை முதலில் கண்ணாலேதான் அறிந்தது என்று சொன்னால் மிகையாகாது.

பொலோஞாவில் பரிசு வழங்கப்பட்டபோது ஆசிரியர் உயிரோடு இல்லை. 1968-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தின் இறுதியில், ஈரானுக்கும் அப்போதைய சோவியத் நாட்டுக்கும் எல்லையாக ஓடிய அராஸ் நதியில் குளிக்க இறங்கியவர் வெள்ளத்தில் மூழ்கிப்போனார். உடன் சென்றிருந்தவர் ஒரு ராணுவ அதிகாரி. அந்த ஒரு செய்தியே சந்தேகத்துக்குப் போதுமானதாயிற்று. ஷாவின் ரகசியப் போலீஸாகிய சாவாக் அவரைத் தீர்த்துக்கட்டிவிட்டது என்று தேசமெங்கும் பேச்செழுந்தது. ஆராஷ் என்ற பத்திரிகை சிறப்பிதழ் வெளியிட்டது. ஆல்-இ அஹமத் அதிலே எழுதிய கட்டுரை, பெஹ்ரங்கியை ஜனங்களின் காவிய புருஷராகவே ஆக்கியது. பின்னாளில் ஒரு கடிதத்தில், நடந்தது நீரில் மூழ்கிய விபத்தென்பதையும், தாம் வேண்டுமென்றே ஒரு ஐதிகத்துக்கு வித்திட்டதையும் அவர் மறைக்கவில்லை. உடனிருந்த அதிகாரியும் பல ஆண்டுகள் கழித்து, பெஹ்ரங்கிக்கு நீந்தத் தெரியாது என்றும், இழுப்பு மிகுந்த இடத்தில் அகப்பட்டுக்கொண்டார் என்றும் எழுதினார்.

பெஹ்ரங்கியின் நண்பர்களுடைய கதி அந்த ஐதிகத்துக்கு வலுவூட்டியது. 1971-ஆம் ஆண்டு பிப்ரவரியில் காஸ்பியன் கடற்கரைக் காடுகளை ஒட்டிய சியாஹ்கல் என்னும் ஊரில் ஒரு காவல் நிலையத்தை இளைஞர்கள் தாக்கியதோடு, ஃபெதாயீன் என்று வழங்கும் கெரில்லா இயக்கம் வெளிப்பட்டது. தப்ரீஸிலிருந்து அதில் சேர்ந்தவர்களுள் பெஹ்ரங்கியோடு கதை திரட்டிய பெஹ்ரூஸ் தெஹ்கானியும் ஒருவர். அவர் அவ்வாண்டே சிறையில் சித்திரவதையால் இறந்தார். கவிஞர் அலி ரேஸா நப்தெல் தூக்கிலும் துப்பாக்கியிலும் முடிந்த அந்தத் தலைமுறையோடு தாமும் மரண தண்டனை அடைந்தார். அந்த ரத்தத்தின் ஊடாகத் திரும்பிப் பார்த்தவர்களுக்குக் கறுப்பு மீனின் குத்துவாள் ஆயுதப் போராட்டத்தின் முன்னறிவிப்பாகத் தோன்றியதில் வியப்பில்லை. அரசாங்கத்துக்கும் அவ்வாறே தோன்றியது. பெஹ்ரங்கியின் நூல்கள் தடை செய்யப்பட்டன. அவற்றை வைத்திருந்ததே குற்றமாகக் கருதப்பட்ட காலம் வந்தது. இவ்வாறு, பிள்ளைகளுக்கென்று எழுதப்பட்ட கதையை இரு பக்கத்துப் பெரியவர்களும் பங்குபோட்டுக்கொண்டார்கள். அந்த இளைஞர்களின் தியாகத்தை நான் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. அவர்களிற் பலர் பெஹ்ரங்கி நடந்த அதே கிராமப் பாதைகளில் நடந்தவர்கள். ஆயினும் சியாஹ்கலுக்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே இறந்தவர், தம்முடைய மாணவர்களை மனத்தில் வைத்து எழுதிய கதை அது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவருடைய கதைகளில் எனக்கு எல்லாவற்றினும் உயர்ந்ததாகப் படுவது, அவர் மறைந்த பிறகு அச்சேறிய ஒரு பீச், ஆயிரம் பீச் என்னும் கதை. அதைச் சொல்வது ஒரு பீச் மரம். நிலச்சுவான்தார் தன் மற்ற நிலங்களையெல்லாம் குடியானவர்களுக்கு விற்றுவிட்டு, தண்ணீர் வசதியுள்ள பெரிய தோட்டத்தை மட்டும் தனக்கென்று வைத்துக்கொள்கிறான். ஷாவின் நிலச் சீர்திருத்தம் பல கிராமங்களில் எப்படி முடிந்தது என்பதை இந்த ஒரே தகவலில் பெஹ்ரங்கி காட்டிவிடுகிறார். அந்தத் தோட்டத்துப் பழத்தை வாங்கவோ பறிக்கவோ முடியாத இரண்டு ஏழைச் சிறுவர்கள், ஸாஹிப் அலியும் பூலாதும், எப்படியோ கையில் கிடைத்த ஒரே பழத்தைத் தின்று, அதன் கொட்டையைத் தோட்டத்திலேயே ஒரு மூலையில் ரகசியமாகப் புதைத்து, முளைத்த செடியைத் தங்களுடையது என்று வளர்க்கிறார்கள். கொட்டை மண்ணுக்கடியில் கிடக்கும்போது அதற்குள் நிகழும் மாறுதல், பனிக்காலத்து உறக்கம், வெடித்து வேர்விடும் வேதனை, வெளிச்சத்தை முதன்முதல் காணும் பரவசம் ஆகிய அனைத்தையும் அந்த மரமே சொல்லும் பக்கங்கள், தாவர சாஸ்திரப் பாடமும் கவிதையும் ஒன்றானவை. நல்ல உபாத்தியாயர் ஒருவராலன்றி எழுத முடியாதவை. பிறகு பூலாத் பாம்பு கடித்து இறந்துபோகிறான்; மற்றவனும் மரத்தைப் பிரிய நேர்கிறது. தோட்டக்காரன் மரத்தைக் கண்டுபிடித்துவிடுகிறான். ஆனால் மரம் அவனுக்குப் பழம் தருவதில்லை. பூக்கும், பிஞ்சு பிடிப்பதில்லை. அவன் அறுத்துவிடுவேன் என்று ரம்பத்தைக் காட்டிப் பயமுறுத்தியும் அது இணங்கவில்லை. யார் நட்டார்களோ அவர்களுடைய கைக்கல்லாமல் பழுக்கமாட்டேன் என்று நிற்கும் அந்த மரத்தின் பிடிவாதத்தில், துப்பாக்கியும் குத்துவாளும் இல்லாமலேயே பெஹ்ரங்கியின் அரசியல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

அவர் ஓயாமல் எழுதிய மொழிப் பிரச்சினையின் பிற்காலச் சரித்திரத்தைக் கூறி என் உரையை நிறுத்திக்கொள்கிறேன். 1979-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் இயற்றப்பட்ட ஈரானிய அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, ராஜாங்க மொழியும் பாடப் புத்தகங்களின் மொழியும் பாரசீகமே என்று விதித்த பிறகு, பிரதேச மொழிகளைப் பத்திரிகைகளில் பயன்படுத்துவதற்கும், அவற்றின் இலக்கியத்தைப் பாரசீகத்தோடு கூடப் பள்ளியில் கற்பிப்பதற்கும் அனுமதி அளிக்கிறது. அச்சுலகில் அந்த அனுமதியால் ஓரளவு பலன் விளைந்தது. துருக்கி மொழியில் புத்தகங்களும் பத்திரிகைகளும் வெளிவந்தன. பள்ளிக்கூடத்தில் அது பெரும்பாலும் ஏட்டளவில் நின்றுவிட்டது. தாய்மொழிக் கல்வி கேட்டு எழுதிய உபாத்தியாயர்களும் எழுத்தாளர்களும் புதிய ஆட்சியிலும் சிறை புகுந்திருக்கிறார்கள். தப்ரீஸுக்குத் தென்மேற்கே, பெஹ்ரங்கி பாடம் நடத்திய கிராமங்களில், முதல் வகுப்புக்குப் போகும் பிள்ளை இன்றைக்கும் தன் தாய் பேசாத மொழியில் அச்சிட்ட புத்தகத்தைத்தான் விரிக்கிறது. அந்தப் பிள்ளைக்கென்று அவர் தயாரித்த அரிச்சுவடி இன்னும் வகுப்பறைக்குள் நுழையவில்லை.